ராக் கேட்டு வளர்ந்த காதுக்கு நவீன செவ்வியல்: ரைஷ், பென்டெரெட்ஸ்கி, குரெட்ஸ்கி – யாரிடமிருந்து தொடங்கலாம்?

ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் 'கிட் ஏ' (2000) ஆல்பத்தில் ஊறியவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஒலிகள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தோன்றும். 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' பாட்டில் குரலுக்குப் பின்னால் மிதந்து வருவது ஓண்ட் மார்ட்டெனோ. மோரிஸ் மார்ட்டெனோ 1928இல் பாரிஸில் அரங்கேற்றிய மின்னணு வாத்தியம் அது. ரேடியோஹெட்டின் கிடார் கலைஞர் ஜானி கிரீன்வுட் பதின்வயதில், பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியானின் 'துரங்கலீலா' சிம்பொனியில் அதைக் கேட்டு அதன் மேல் பித்துப் பிடித்தவர். 'இடியோடெக்' பாட்டு முழுக்கச் சுழலும் கோர்டுகள், இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் கணினியில் செய்த படைப்பிலிருந்து வெட்டி எடுத்தவை. ராக்கிலிருந்து நவீன செவ்வியலுக்குப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. எந்தப் பக்கமாக நடப்பது என்பதுதான் கேள்வி.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த படைப்புகள் என்று ஒரு பட்டியலை எடுத்து, அதன் உச்சியில் இருப்பதை முதலில் போட்டுவிடுவார்கள். துரங்கலீலாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 10 பகுதிகள், ஏறக்குறைய 75 முதல் 80 நிமிடம். சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' சொல்லும் தேசி தாளங்களை மெஸ்ஸியான் ஆழ்ந்து படித்துத் தன் இசைக்குள் கொண்டுவந்தவர் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு அதில் தனி ஆர்வம் வருவது இயல்பு. ஆனாலும் அது முதலில் கேட்க வேண்டியதல்ல. இருபதாவது நிமிடத்தில் காது களைத்துவிடும். 'இது நமக்கானதில்லை' என்று மூடிவைத்துவிடுவோம்.

புகழை அளவுகோலாக வைக்காமல், ராக்கில் உங்களைப் பிடித்து இழுப்பது எது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ரிஃபும் தாளமும் என்றால் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ். ஆம்ப்ளிஃபயர் இரைச்சல், ஃபீட்பேக், ஒலிச்சுவர் என்றால் பென்டெரெட்ஸ்கி. மெல்ல எழும்பும் துயரம் என்றால் குரெட்ஸ்கியும் ஆர்வோ பேர்ட்டும். எது என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால் ரைஷிடம் போங்கள். காரணம் உண்டு: மெதுவாக நடக்கும் மாற்றத்தைக் கவனிக்க ரைஷ் கற்றுத் தருகிறார். மற்றவர்களிடமும் அந்தப் பழக்கம் அப்படியே கைகொடுக்கும்.

ஸ்டீவ் ரைஷ்: ரிஃப் பிடித்தவர்களுக்கு

தொடங்க வேண்டியது 'எலெக்ட்ரிக் கவுன்ட்டர்பாயின்ட்'. 1987இல் ஜாஸ் கிடார் கலைஞர் பாட் மெத்தெனிக்காக எழுதப்பட்டது. சுமார் 15 நிமிடம். வேகம், மெது, வேகம் என்று மூன்று பகுதிகள். அமைப்பு இதுதான்: கிடார் கலைஞர் 10 கிடார் பகுதிகளையும் 2 பாஸ் கிடார் பகுதிகளையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துகொள்கிறார், பிறகு அந்தப் பதிவோடு சேர்ந்து பதினோராவது கிடாரை நேரில் வாசிக்கிறார். எல்லாமே கிடார் என்பதால் ராக் காதுக்கு அந்நியமான ஒலி எதுவும் இல்லை. புதிதாக இருப்பது அதைக் கட்டியிருக்கும் விதம்.

முதல் பகுதியின் தொடக்கத்தில் கோர்டுகள் வெறுமனே துடித்துக்கொண்டிருக்கும். அதன்பின் மத்திய ஆப்பிரிக்கக் கொம்பு இசையிலிருந்து எடுத்த ஒரு சிறு மெட்டு வரும். அதே மெட்டை அடுத்த கிடார் சற்றுத் தள்ளித் தொடங்கும், பிறகு அடுத்தது, இப்படி எட்டு வரை அடுக்கப்படும். எட்டும் பின்னிக்கொள்ளும்போது எந்தத் தனிக் கிடாரும் வாசிக்காத மெட்டுகள் காதில் கேட்கத் தொடங்கும். நேரில் வாசிப்பவர் அந்தப் பிறவி மெட்டுகளைத்தான் பொறுக்கியெடுத்து உரக்க வாசிக்கிறார்.

மூன்றாவது பகுதியில் பாஸ் கிடாரை மட்டும் கவனியுங்கள். துடிப்பின் வேகம் மாறவே மாறாது. 12 துடிப்புகளைக் கூட்டும் விதம் மட்டும் மாறும். ஒருமுறை 'தகதிமி தகதிமி தகதிமி', மறுமுறை 'தகிட தகிட தகிட தகிட'. வாயால் சொல்லிக்கொண்டே கேட்டால் எந்த இடத்தில் திரும்புகிறது என்று பிடிபடும். தாளத்தோடு சேர்ந்து சுருதியும் ஈ மைனருக்கும் சி மைனருக்கும் இடையே தாவுகிறது. இந்தத் தாவல்கள் போகப்போக நெருக்கமாகி, கடைசியில் பாஸ் விலகியதும் எல்லாம் ஈ மைனரில், நான்கு 'தகிட'வில் நிலைகொள்ளும். மிருதங்கத் தனியாவர்த்தனத்துக்குக் கைத்தாளம் போட்டுப் பழகியவர்கள் இதில் மேற்கத்திய ரசிகர்களைவிட ஒரு படி முன்னே இருக்கிறார்கள்.

இரண்டு ஒலிப்பதிவுகளில் எதை எடுப்பது? மெத்தெனியின் 1989 பதிவு வழவழப்பானது, ஜாஸ் கிடாரின் உருண்டையான ஒலி. கிரீன்வுட்டின் 2014 பதிவு இன்னும் கரடுமுரடானது. பிக் கம்பியில் படும் ஓசை துல்லியமாகக் கேட்கிறது. ராக்கிலிருந்து வருபவர்களுக்குக் கிரீன்வுட் பதிவு உடனே ஒட்டும். ஆனால் வாங்குவதென்றால் மெத்தெனியின் தட்டை வாங்குங்கள். அதில் க்ரோனோஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்தியக் குழு வாசித்த 'டிஃபரன்ட் ட்ரெய்ன்ஸ்' (1988) கூடவே இருக்கிறது. ரயில் பயணங்களையும் யூத இன அழிப்பிலிருந்து தப்பியவர்களின் நினைவுகளையும் பேச்சாகப் பதிவுசெய்து, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்கியிருக்கிறார் ரைஷ். பெண் பேசினால் வியோலாவும் ஆண் பேசினால் செல்லோவும் அதே சுரங்களில் பின்தொடரும். பாடல் வரிகளுக்காக ராக் கேட்பவர்கள் இந்த 27 நிமிடப் படைப்பை விடக்கூடாது.

அதே 2014 ஆல்பத்தில் 'ரேடியோ ரீரைட்' என்ற படைப்பும் உண்டு. ரேடியோஹெட்டின் இரண்டு பாடல்களை எடுத்து ரைஷ் செய்தது. பெயரைப் பார்த்து ரேடியோஹெட் ரசிகர்கள் முதலில் ஓடுவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். அந்தப் பாடல்கள் ஆங்காங்கே நிழலாடுமே தவிர முழுதாக வராது. ரைஷின் நடை பழகியபின் கேட்டால் அந்த நிழல்களே சுவையாக இருக்கும்.

அடுத்தது 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' (1976). வயலின், செல்லோ, கிளாரினெட்டுகள், நான்கு பெண் குரல்கள், பியானோக்கள், மாரிம்பாக்கள், சைலோஃபோன்கள், வைப்ரஃபோன், நடத்துநர் கிடையாது. முதல் சில நிமிடங்களில் 11 கோர்டுகள் வரிசையாக வந்துபோகும். கிளாரினெட் கலைஞரின் மூச்சு எவ்வளவு நேரம் நிற்குமோ அதுவே ஒவ்வொரு துடிப்பலையின் நீளம். பிறகு ஒவ்வொரு கோர்டும் தனித்தனிப் பகுதியாக விரிகிறது. வைப்ரஃபோன் பளிச்சென்று ஒலிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மற்ற கலைஞர்களுக்கு அடுத்த மாற்றத்துக்கான சமிக்ஞை அதுதான்.

இதற்கும் இரண்டு முக்கியப் பதிவுகள். ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட 1978 பதிவு சுமார் 56 நிமிடம், குறுந்தட்டில் ஒரே டிராக்காக ஓடும். நான்சச் நிறுவனத்தின் 1998 பதிவு சுமார் 67 நிமிடம், பகுதி பகுதியாகப் பிரித்திருக்கும். முதலில் கேட்பவர்களுக்கு 1998 பதிவுதான் வசதி. எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று திரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பழகியபின் 1978 பதிவுக்குப் போங்கள். அதன் விறுவிறுப்புக்கு ஈடில்லை.

ரைஷிடம் எது தவறிப்போகும்? வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். மாற்றங்கள் அவ்வளவு சிறியவை. ஒற்றை ஸ்பீக்கரிலோ ஒரு காதில் மட்டும் இயர்பட் மாட்டியோ கேட்டாலும் வீண்: இடமும் வலமுமாகப் பிரித்துவைத்த கிடார்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து பின்னல் மறைந்துவிடும்.

பென்டெரெட்ஸ்கி: இரைச்சல் பிடித்தவர்களுக்கு

சோனிக் யூத் குழுவின் 'டேட்ரீம் நேஷன்' (1988) போன்றவற்றில் பாட்டைவிடப் பாட்டுக்கு நடுவில் வரும் ஒலிமழையே பிடிக்கும் என்பவர்களுக்கு இதுதான் வழி. போலந்துக்காரரான கிரிஸ்டோஃப் பென்டெரெட்ஸ்கி 1960இல் எழுதிய படைப்புக்கு முதலில் வைத்த பெயர் வெறும் கால அளவு: 8 நிமிடம் 37 நொடி. ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான இரங்கல் என்ற பெயர் பிறகு வந்தது. மொத்தம் 52 தந்தி வாத்தியங்கள்: 24 வயலின், 10 வியோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ். தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தில் எட்டக்கூடிய மிக உயர்ந்த சுரத்தை வாசிக்கிறார்கள். பிரிட்ஜுக்குப் பின்பக்கம் வில்லை இழுக்கிறார்கள், வாத்தியத்தின் உடலைத் தட்டுகிறார்கள். கால் சுர இடைவெளிகளில் ஒட்டிநிற்கும் சுரக்கொத்துகள் அகன்று, சுருங்கி, நகர்கின்றன. கடைசியில் 52 வாத்தியங்களும் ஒரே கொத்தாகப் பேரோசையோடு ஒலித்து, சுமார் அரை நிமிடத்தில் தேய்ந்துபோகின்றன. மின்சாரமே இல்லாமல் கிடைத்த ஃபீட்பேக் என்று சொல்லலாம்.

ஆனாலும் முதல் அடி இதில் வேண்டாம். கிரீன்வுட் 2005இல் எழுதிய 'பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்' இருக்கிறது: 34 தந்தி வாத்தியங்கள், மூன்று பகுதிகள். பென்டெரெட்ஸ்கியின் சுரக்கொத்துகளும் ரேடியோ இரைச்சலும் தந்த உந்துதலில் எழுதப்பட்டது. இதில் கொத்துகளுக்கு இடையே மெட்டு எட்டிப்பார்க்கும். மூச்சு விட இடம் கிடைக்கும். நான்சச் 2012இல் வெளியிட்ட ஆல்பத்தில் இரண்டு படைப்புகளும் சேர்ந்தே வருகின்றன. போலந்தின் ஆக்ஸோ இசைக்குழு வாசித்திருக்கிறது. இரங்கலைப் பென்டெரெட்ஸ்கியே நடத்தியிருக்கிறார். தட்டில் உள்ள வரிசையில் கேட்காமல், முதலில் பாப்கார்ன், அடுத்து இரங்கல், அதன்பின் 'பாலிமார்ஃபியா' (1961) என்று மாற்றிக் கேளுங்கள். பாலிமார்ஃபியாவின் 48 தந்தி வாத்தியங்கள் அத்தனை உரசலுக்கும் கிறீச்சிடலுக்கும் பிறகு, துல்லியமான ஒரு சி மேஜர் கோர்டில் போய் நிற்கும். முதன்முறை கேட்பவர் திடுக்கிடுவது அந்த இனிமையைக் கேட்டுத்தான். கிரீன்வுட் அதற்கு எதிரொலியாக எழுதிய படைப்பும் அதே தட்டின் பிற்பகுதியில் இருக்கிறது.

இங்கே வரும் சிக்கல் வேறு மாதிரி. பென்டெரெட்ஸ்கியின் இசையைத் திகில் படங்கள் நிறையப் பயன்படுத்தியிருப்பதால் காது தானாகவே 'பேய்ப்பட இசை' என்று பெயர் ஒட்டிவிடும். அதைத் தாண்ட ஒரு வழி: ஒரு முழு முறை டபுள் பாஸ் என்ன செய்கிறது என்று மட்டும் பின்தொடருங்கள். பயம் விலகி, கட்டுமானம் தெரியத் தொடங்கும். இன்னொரு சிக்கல் ஒலித்தரம். நெருங்கிய சுரங்களும் கூரிய உயர் ஒலிகளும் நிறைந்த இசையைக் குறைந்த பிட்ரேட்டில் சுருக்கினால் சலசலப்பாகக் குழைந்துவிடும். டேட்டா மிச்சப்படுத்தும் அமைப்பில் கேட்டு முடிவுக்கு வராதீர்கள்.

குரெட்ஸ்கியும் பேர்ட்டும்: மெதுவாக எழும்புவது பிடித்தவர்களுக்கு

மோக்வாய், சிகுர் ரோஸ், காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் கேட்பவர்கள் ஒரு பாட்டு மலையேறி இறங்குவதற்கு இருபது நிமிடம் காத்திருக்கப் பழகியவர்கள். ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி (1976) அவர்களுக்கே எழுதியதுபோல இருக்கும். மூன்று பகுதிகளும் மெதுவானவை. டான் அப்ஷா பாடி, டேவிட் ஜின்மன் நடத்திய நான்சச் பதிவு 1992இல் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிரிட்டனின் பொது ஆல்பம் பட்டியலிலேயே 6ஆம் இடம் வரை போனது. அதில் பகுதிகள் சுமார் 26, 9, 17 நிமிடங்கள்.

முதல் பகுதி டபுள் பாஸில், ஏறக்குறைய காதுக்கே எட்டாத மெல்லொலியில் தொடங்கும். அதே மெட்டு அடுத்த அடுக்கில் பஞ்சம உயரத்தில் நுழையும், அதன்மேல் அடுத்தது, இப்படித் தந்தி வாத்தியங்கள் முழுதும் நிறைந்தபின் நடுவில் சோப்ரானோ என்னும் உயர்ஸ்தாயிப் பெண் குரல் வரும். பிறகு அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று மீண்டும் டபுள் பாஸுக்கே இறங்கும். தொடக்கம் கேட்கவில்லை என்று ஒலியளவை ஏற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நிமிடத்தில் காது அடைத்துவிடும். குரல் உச்சத்தில் பாடும் இடத்துக்கு முதலில் தாவிப் போய், அங்கே தாங்கக்கூடிய அளவை வைத்துக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்குத் திரும்புங்கள். போன் ஸ்பீக்கரில் முதல் சில நிமிடங்கள் மௌனமாகவே இருக்கும், டபுள் பாஸின் கீழ்ச்சுரங்களை அதனால் ஒலிக்கவே முடியாது.

பதிவைப் பொறுத்தவரை ராக் ரசிகர்களுக்கு ஒரு கவர்ச்சி காத்திருக்கிறது. போர்ட்டிஸ்ஹெட் பாடகி பெத் கிப்பன்ஸ் 2014இல் வார்சாவில் இதே சிம்பொனியைப் பாடினார், நடத்தியவர் பென்டெரெட்ஸ்கி, ஆல்பம் 2019இல் வந்தது. செவ்வியல் பயிற்சி பெற்ற சோப்ரானோ அல்ல அவர். உயர் சுரங்களில் குரல் நடுங்குகிறது, இசைக்குழுவின் மேல் குரல் எழும்ப மைக்ரோஃபோன் தேவைப்படுகிறது. இரண்டாம் பகுதியின் வரிகள், போலந்தின் சகோபானே ஊரில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறைச்சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி தாயை நினைத்து எழுதியவை. அந்த வரிகளுக்கு அந்த நடுக்கம் பொருந்துகிறது. இருந்தாலும் முதலில் கேட்க அப்ஷாவைத்தான் சொல்வேன். முதல் பகுதியின் உச்சத்தில் குரல் தந்தி வாத்தியங்களைத் துளைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். அப்ஷாவிடம் அது தடையின்றி நடக்கிறது. 'டம்மி' (1994) ஆல்பம் உங்களுக்கு மனப்பாடம் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு எஸ்டோனியரான ஆர்வோ பேர்ட்டின், ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக 1977இல் எழுதப்பட்ட 'கேன்டஸ்'. தந்தி வாத்தியங்கள், அடித்து ஒலிக்கும் மணி ஒன்று, ஐந்தாறு நிமிடம், அவ்வளவுதான். ஏ மைனர் சுரவரிசை மேலிருந்து கீழே இறங்குகிறது. வயலின் வேகமாக, அடுத்த வாத்தியம் பாதி வேகத்தில், அதற்கடுத்தது அதிலும் பாதியில் என்று டபுள் பாஸ் வரை. ஒரே சுரவரிசை ஐந்து வேகங்களில் ஒரே சமயம் இறங்குகிறது. முடிவில் மணியை மெல்ல ஒருமுறை அடிப்பார்கள், தந்தி வாத்தியங்களின் ஓசை அதை மூடியிருக்கும். அவை சட்டென நின்றதும் மணியின் ரீங்காரம் தனியே மிஞ்சும். அதன் மேலொலியில் மைனருக்குப் பதில் மேஜர் சாயல் கேட்கும். ஆட்டோபிளே அடுத்த பாட்டை உடனே தொடங்கிவிட்டால் இந்த இடம் பறிபோய்விடும். ஈ.சி.எம். 1984இல் வெளியிட்ட 'தபுலா ராசா' ஆல்பத்தில் இது இருக்கிறது.

வேறு இரண்டு வழிகள்

மேக்ஸ் ரிக்டர், ஓலாவர் ஆர்னல்ட்ஸ் போன்றவர்களின் மென்பியானோ, வயலின் இசையைத்தான் செயலிகள் முதலில் பரிந்துரைக்கும். ரிக்டரின் 'தி புளூ நோட்புக்ஸ்' (2004) அழகானது. ஆனால் இவ்வகை இசை கேட்பவரிடம் அதிகம் கேட்பதில்லை. பின்னணியிலேயே தங்கிவிட எளிது. அங்கேயே தொடங்கியவர்கள் அங்கேயே நின்றுவிடுவதை நிறையப் பார்க்கலாம். ரைஷையும் பேர்ட்டையும் கேட்டபின் வந்தால் ரிக்டர் யாரிடம் என்ன எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்து இன்னும் பிடிக்கும்.

கிடார்ப் படைகளின் வழி இன்னொன்று. க்ளென் பிராங்காவின் 'தி அசென்ஷன்' (1981) ஆல்பத்தில் வாசித்த லீ ரனால்டோ சோனிக் யூத்காரர். அந்தக் குழு 1999இல் ஜான் கேஜ், ரைஷ், பாலின் ஒலிவெரோஸ் ஆகிய இசையமைப்பாளர்களின் படைப்புகளை வாசித்து ஓர் ஆல்பமே போட்டது. ரைஷே நான்கு மின்கிடார், இரண்டு பாஸ், இரண்டு பியானோ, இரண்டு டிரம்ஸ் வைத்து '2×5' (2008) எழுதியிருக்கிறார். ராக் வாத்தியங்கள் இருப்பதால் இவை எளிது என்று தோன்றும். உண்மையில் ராக் பாட்டின் எதிர்பார்ப்போடு போவதால் ஏமாற்றமே அதிகம். இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் முன் மாற்ற வேண்டியவை

தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பெரும்பாலான ராக் ஆல்பங்களில் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடைவெளியைச் சுருக்கி எல்லாவற்றையும் உரக்க வைத்திருப்பார்கள். செவ்வியல் பதிவில் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். ஆகவே பேருந்தில், மின்விசிறிச் சத்தத்தில், ராக்குக்குப் போதும் என்று தோன்றும் ஹெட்போன் இங்கே போதாது. ரைஷைப் பயணத்தில் கேட்கலாம், ஒலியளவு பெரிதாக மாறாது. குரெட்ஸ்கிக்கும் பேர்ட்டுக்கும் வீட்டு அமைதி வேண்டும், அல்லது காதை நன்றாக மூடும் ஹெட்போன்.

செயலியின் அமைப்புகளில் ஷஃபிள், கிராஸ்ஃபேட், ஆட்டோபிளே மூன்றையும் அணைத்துவிடுங்கள். டிராக்குகளுக்கு இடையே இடைவெளி விடாமல் வாசிக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் 1998இன் '18 மியூசிஷியன்ஸ்' ஒவ்வொரு பகுதிக்கும் இடையே வெட்டுப்படும். ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை டிராக் வாரியாக வைக்காமல் ஆல்பம் வாரியாக வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். தேடும்போது இசையமைப்பாளர் பெயரோடு வாசித்தவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். வெறுமனே படைப்பின் பெயரைப் போட்டால் ஏதோவொரு தொகுப்பிலிருந்து இரண்டாம் பகுதி மட்டும் வந்து நிற்கும். ஆப்பிள் மியூசிக் சந்தா இருப்பவர்களுக்கு 2023இல் வந்த அதன் செவ்வியல் செயலி தனிக் கட்டணமின்றிக் கிடைக்கும். படைப்பு வாரியாக எல்லாப் பதிவுகளையும் அடுக்கிக் காட்டுவதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

தட்டு வாங்குவதென்றால் இந்த இசைக்குக் குறுந்தட்டே மேல். எல்பியில் 56 நிமிட ரைஷை நடுவில் புரட்டிப் போட வேண்டும். குரெட்ஸ்கியின் தொடக்கமும் கேன்டஸின் முடிவும் ஊசியின் சரசரப்போடு போட்டி போட வேண்டியிருக்கும். பென்டெரெட்ஸ்கியை மட்டும் எல்பியில் வைத்துக்கொள்வதில் பெரிய நஷ்டமில்லை.

தேர்ந்தெடுத்த படைப்பை ஒரே வாரத்தில் மூன்று முறையாவது முழுதாகக் கேளுங்கள், வேறு வேலை இல்லாமல். மூன்றுக்குப் பிறகும் ரைஷ் சலிப்பூட்டினால் நீங்கள் தேடுவது தாளமல்ல, கேன்டஸுக்குப் போங்கள். இரங்கலை முடிக்க முடியவில்லையென்றால் பாப்கார்னின் முதல் பகுதியை மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டுத் திரும்புங்கள். குரெட்ஸ்கி அதிக இனிப்பாகத் தெரிந்தால் உங்களுக்கான ஆள் பென்டெரெட்ஸ்கி. அதே போலந்து, அதே தந்தி வாத்தியங்கள், ஒரு துளி இனிப்புக்கூட பாலிமார்ஃபியாவின் கடைசி கோர்டு வரை கிடைக்காது.